சேப்பாக்கம் வழியாக

சின்னத் தறிப் பேட்டைதான் வாய்மொழியில் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். கூவத்தின் வளைவுக்குள் 1734இல் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம். தறிச் சத்தம் ஓய்ந்து வெகுகாலம் ஆகிறது. இப்போது மீன் மார்க்கெட்டின் இரைச்சலும், தலைக்கு மேலே பறக்கும் ரயிலின் தடதடப்பும்தான். 'கரண்ட்' வைத்துக்கொள்ள அடையாறு போகும் பேட்டைக்காரருக்கு அந்த ரயில்தான் தோது. 'கரண்ட்' என்பது கதிர்வீச்சு சிகிச்சைக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர்.

திங்கள் முதல் வெள்ளி வரை, வாரக்கணக்கில் போக வேண்டும். மேஜையில் படுத்திருப்பது சில நிமிடம். போய் வருவதுதான் பெரும்பாடு. தோலில் மையால் போட்ட கோடு குளிக்கும்போது அழியக் கூடாது. அந்த இடத்தில் வெயில் படக் கூடாது. கீமோவும் சேர்ந்தால், வெள்ளை அணுக்கள் குறையும் நாட்களில் கூட்டத்துக்குள் தலைகாட்டக் கூடாது. மனசு எதற்கு ஏங்கும்? வெயிலுக்கும் கூட்டத்துக்கும்தான்.

அடுத்த ஸ்டேஷன் சேப்பாக்கம். அங்கே கிரிக்கெட் மைதானத்தில் இரண்டும் ஏராளம்.

2011 மார்ச் 20. உலகக் கோப்பையில் வெஸ்ட் இண்டீஸோடு ஆட்டம். இந்திய வீரர் யுவராஜ் சிங் களத்திலேயே வாந்தி எடுத்தார். நிமிர்ந்து மறுபடி ஆடி 113 ரன் எடுத்தார். பார்த்தவர்கள் சென்னை வெயில்மேல் பழி போட்டார்கள். நெஞ்சுக்குள், இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே, புற்றுக்கட்டி இருப்பது பிறகுதான் உறுதியானது. 2012 தொடக்கத்தில் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில், டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்னின் மேற்பார்வையில் கீமோ நடந்தது.

மன உறுதியால் புற்றுநோயை வென்றார் என்று எழுதுவது பத்திரிகை வழக்கம். அப்படியானால் இறந்துபோனவர்களுக்கெல்லாம் உறுதி போதவில்லையா? அவருக்கு வந்த செமினோமா, மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் வகை. 1970களில் சிஸ்பிளாட்டினைச் சேர்த்து ஐன்ஹார்ன் வகுத்த மருந்துக் கூட்டுதான் அவ்வகைக் கட்டிகளின் தலையெழுத்தை மாற்றியது. ஆசையின் வேலை வேறு. அடுத்த சுற்றுக்கு ஆளைக் கிளப்பிக் கொண்டுபோய் உட்காரவைக்க அது வேண்டும். உடம்பெல்லாம் வலிக்கிற காலையில் அது லேசான வேலை இல்லை.

அதே ரயிலில் போய்க் கஸ்தூரிபா நகர் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தால் அடையாறு புற்றுநோய் நிலையம். 1923இல் தங்கையை இந்த நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பிடிவாதமாக அலைந்து 1954இல் திறக்கவைத்த மருத்துவமனை. அன்று 12 படுக்கைகள். மறு ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021இல் கண்மூடும்வரை அதற்கே உழைத்தார்.

மருத்துவமனை இருக்கும் சர்தார் படேல் சாலையில்தான் கிண்டி தேசியப் பூங்காவும் இருக்கிறது. வெளிமான்கள் உலவும் 2.7 சதுர கிலோமீட்டர் காடு. கரண்ட் வைத்த அலுப்போடு யாரும் அன்றைக்கே மான் பார்க்கப் போவதில்லை. 'கடைசி சிட்டிங் முடியட்டும், பிள்ளைகளோடு வரலாம்' என்று மனசுக்குள் நாள் குறிக்கலாம், அவ்வளவுதான்.

திரும்பும் ரயிலில், பேட்டைக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் மறுபடி சேப்பாக்கம். சிகிச்சை முடிந்து யுவராஜ் இந்தியாவுக்காக மட்டை பிடித்ததும் இதே மைதானத்தில்தான். 2012 செப்டம்பர் 8இல் விசாகப்பட்டினத்தில் ஆடியிருக்க வேண்டியது, மழை கெடுத்தது. 11ஆம் தேதி இரவு, நியூசிலாந்துக்கு எதிராக, 26 பந்தில் 34 ரன் எடுத்தார்.

இந்தியா அன்று ஒரு ரன்னில் தோற்றது.