மொழிக்கும் வில்லங்கம் பார்க்கணும்

நிலம் வாங்கப் போனால் மூலப்பத்திரம் கேட்கிறோம், முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். கம்ப்யூட்டர் விளையாட்டு எழுதக் கிளம்பும் பிள்ளைகள், எந்த மொழியில் எழுதுவது என்று முடிவு செய்யும்போது இப்படி ஏதாவது பார்க்கிறார்களா? எது சுலபம், எது வேகம் என்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

என் பேரன் இன்ஜினியரிங் முடித்திருக்கிறான். சிநேகிதர்கள் இருவரோடு சேர்ந்து ஒரு விளையாட்டு செய்யப் போகிறான். வேலைக்குப் போக அப்பாவிடம் இரண்டு வருஷம் தவணை வாங்கியிருக்கிறான். "தாத்தா, நீங்களும் ப்ரோக்ராம் எழுதினவர்தானே, எந்த மொழி நல்லது?" என்றான். "அந்த மொழி யாருக்குச் சொந்தம்? நாளைக்கு வேறு மெஷினில் ஓடுமா? இந்த இரண்டையும் முதலில் விசாரி" என்றேன்.

காரணம் இருக்கிறது. நான் வேலை பார்த்த இடத்தில் சம்பளக் கணக்குக்கு வெளியே ஒருவரிடம் மென்பொருள் வாங்கினார்கள். அவர்களுடைய கம்பைலர் ஒரே ஒரு வகை மெஷினில்தான் ஓடும். மெஷின் பழசானது, கம்பெனியும் மூடிவிட்டது. மொத்தத்தையும் முதலிலிருந்து எழுதினோம்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவைக் கொண்டுவந்தபோது, ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும் என்றார்கள். மைக்ரோசாஃப்ட் அதில் விண்டோஸுக்கு மட்டும் பொருந்தும் மாற்றங்களைச் செய்ததாக 1997-ல் சன் வழக்குப் போட்டது. 2001-ல் 2 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. பிறகு சன்னை ஆரக்கிள் வாங்கியது. ஆண்ட்ராய்டில் ஜாவாவின் பகுதிகளை எடுத்தாண்டதாக 2010-ல் கூகுள் மேல் வழக்கு. அது நியாயமான பயன்பாடுதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021-ல் சொன்னது. பதினோரு வருஷம்!

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வழக்குகள் ஜாவாவில் ப்ரோக்ராம் எழுதினவர்கள் மேல் அல்ல, ஜாவாவையே மாற்றியவர், திரும்பக் கட்டியவர் மேல். மைன்கிராஃப்ட் ஜாவாவில்தான் பிறந்தது, நன்றாகவே விற்றது. ஆனால் கைபேசிக்கு வரும்போது அதைச் சி++-ல் தனியாக எழுத வேண்டியிருந்தது. பத்திரம் சரியாக இருந்தாலும் வண்டி போகப் பாதை வேண்டுமல்லவா?

பாதையை அடைக்கிறவர்களும் உண்டு. 2010 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஒப்பந்தத்தில் ஒரு விதி சேர்த்தது. ஐபோனுக்கான செயலிகளை மூலத்திலேயே சி, சி++, ஆப்ஜெக்டிவ்-சி, ஜாவாஸ்கிரிப்ட் இவற்றில்தான் எழுத வேண்டும் என்றார்கள். ஃப்ளாஷில் எழுதி ஐபோனுக்கு மாற்றலாம் என்று இருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். அந்த செப்டம்பரில் விதியைத் தளர்த்தினார்கள். ஆனாலும், கையில் காசில்லாத மூன்று பையன்களுக்கு ஐந்து மாதம் என்பது சின்ன விஷயமில்லை. அந்த ஃப்ளாஷும் 2020 முடிவோடு நிறுத்தப்பட்டது.

இதற்கு மாறாக ஒன்று. டூம் விளையாட்டு 1993-ல் வந்தது, பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. சி மொழிக்கு 1989-லேயே பொதுத் தரம் வந்துவிட்டது, கம்பைலர் எழுத யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். 1997-ல் டூமின் மூல நிரலை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு அது ஓடாத மெஷின் இல்லை என்கிற அளவுக்கு ஆகிவிட்டது. பிரேசில் பல்கலைக்கழகம் ஒன்றில் பிறந்த லுவா என்ற சின்ன மொழியும் அப்படித்தான். எம்ஐடி உரிமம், காசு வாங்கி விற்கும் விளையாட்டிலும் தாராளமாகச் சேர்க்கலாம், உரிம அறிவிப்பைக் கூட வைத்தால் போதும்.

பேரன் விடவில்லை. "சி-ல எழுதினா ரெண்டு வருஷம் நாலு வருஷமாயிடும் தாத்தா" என்றான். அதுவும் நியாயம்தான். கடைசியில் அடிப்படை வேலைகளுக்குச் சி, கதையும் விதிகளும் லுவாவில் என்று மூவரும் பேசி முடித்தார்கள். பயன்படுத்தும் ஒவ்வொரு நூலகத்தின் உரிமத்தையும் படித்து, ஒரு நோட்டில் எழுதி வருகிறார்கள். ஒன்றின் உரிமத்தில் வணிகத்துக்குக் கூடாது என்று இருந்ததாம், முதல் வாரமே கழற்றிவிட்டார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், கோடிங் புரியவில்லை என்று ஒதுங்காதீர்கள். பத்திரம் படித்துப் பழகிய கண் நமக்கு இருக்கிறது. அந்த உரிமத்தை ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.