கரடி பார்க்க 35 டாலர்!

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் பற்று வரவுதான் ஞாபகத்துக்கு வரும். அமெரிக்காவில் நான் பார்த்த கரடிகளுக்குக்கூடக் கணக்கு வைத்திருக்கிறேன். இரண்டு கோடைகாலம், மொத்தம் ஒன்றே கால் கரடி. அந்தக் கால், புதருக்குள் மறைந்து கொண்டிருந்த ஒரு பின்பக்கம்.

2018-ல் கம்பெனி என்னை கலிபோர்னியாவுக்கு அனுப்பியது. கணக்கு சாஃப்ட்வேர் சம்பந்தப்பட்ட வேலை. அங்கே ஜூன் பிறந்தால் போதும், ஆபீஸே மூட்டை கட்டிக்கொண்டு மலையேறக் கிளம்பிவிடும். திங்கட்கிழமை காலையில் முதல் கேள்வியே, 'சனி ஞாயிறு எந்த மலை?' என்பதுதான். 'துணி துவைத்தேன்' என்று எத்தனை வாரம் சொல்வது? மானத்தைக் காப்பாற்ற 120 டாலருக்கு பூட்ஸ், நெற்றியில் கட்டிக்கொள்ளும் டார்ச் எல்லாம் வாங்கினேன்.

பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போனவன் ஸார் நான்! ஊரைச் சுற்றிக் காடுதான். ஒருநாளாவது பொழுதுபோக்காக அதற்குள் நடந்ததுண்டா? ஆடு தொலைந்தால் போவோம். கிடைத்ததும் திரும்பிவிடுவோம்.

என் இருப்பிடத்திலிருந்து யோசெமிட்டி தேசியப் பூங்கா காரில் நாலு மணி நேரம். கேட்டில் காருக்கு 35 டாலர், அன்றைய ரேட்டில் 2,400 ரூபாய்க்கு மேல். வெர்னல் அருவிக்குப் போகும் பாதையில் அறுநூறு கருங்கல் படிகளுக்கு மேல் ஏற வேண்டும். பாதி வழியிலேயே சாரலில் தொப்பலாக நனைந்துவிடுவோம். எண்ணெய் தேய்த்துவிட ஆள் இல்லாத ஒகேனக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி கூடாரத்தில் தங்குவதென்றால்தான் கெடுபிடி. ஒவ்வொரு கூடாரத்துக்கும் ஓர் இரும்புப் பெட்டி. சாப்பாடு, சோப்பு, டூத்பேஸ்ட் என்று வாசனை உள்ள எதுவும் அதற்குள்தான் இருக்க வேண்டும். கரடியின் மூக்கு அப்படி! 1998-ல் மட்டும் அங்கே ஆயிரம் கார்களுக்கு மேல் கரடிகள் உடைத்துப் பிரித்திருக்கின்றன, உள்ளே இருந்த தீனிக்காக. நண்பன் மனைவி கட்டிக்கொடுத்த புளிசாதத்தையும் மாங்காய் ஊறுகாயையும் உள்ளே வைத்துப் பூட்டினேன். காவல்காரப் பெண்மணி என் தேங்காயெண்ணெய் பாட்டிலையும் காட்டி, "அதையும்" என்றார். தலையில் ஏற்கெனவே தடவியிருந்ததை நான் சொல்லவில்லை. விடிய விடியத் தூங்கவும் இல்லை.

"கரடியைக் கண்டால் ஐம்பது கஜம் தள்ளி நில்லுங்கள்" என்பது அங்கே சட்டம். எல்லோரும் நின்றார்கள். கரடியும் ஒத்துழைத்தது.

2019 டிசம்பரில் லீவில் ஊருக்கு வந்தேன். சித்தப்பாவிடம் போட்டோக்களைப் பெருமையாகக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு, "ஏண்டா, கேட்ல துட்டு கட்டியா கரடியப் பாத்துட்டு வந்த?" என்றார்.

"ஆமா சித்தப்பா."

"ராத்திரி கொல்லைக்கு வா. நம்மூட்ல டிக்கெட் இல்ல."

ராகி கதிர் முற்றி அறுப்புக்கு நின்றது. வருஷா வருஷம் குளிர்காலத்தில் கர்நாடகா பக்கமிருந்து யானைகள் ராகியைத் தேடிக் காடு தாண்டி வரும். புளியமரத்தில் பரண். ஒரு தகர டப்பா, நாலு வெடி, பழைய கம்பளி, சித்தப்பா, நான். பூட்ஸோடு ஏறினேன்.

ரெண்டு மணி இருக்கும். 'சரக், சரக்' என்று சத்தம். நான் வீரமாக நெற்றி டார்ச்சைப் போட்டேன். நாலு யானை, ஒரு குட்டி. இருபது கஜம்கூட இருக்காது. பெரியது நிதானமாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. ஐம்பது கஜ சட்டத்தை அதனிடம் யார் போய்ச் சொல்வது?

சித்தப்பா டப்பாவைத் தட்டினார், கத்தினார், வெடி போட்டார். அக்கம்பக்கத்துப் பரண்களிலும் கூச்சல். யானைகள் அவசரப்படவே இல்லை. நான் கிளையைக் கட்டிப்பிடித்தபடி இருந்தேன். "எறங்குடா, விடிஞ்சிருச்சு" என்று அவர் சொன்ன பிறகுதான் கையை எடுத்தேன்.

அரை ஏக்கர் போயிருந்தது. தின்றதைவிட மிதித்தது அதிகம். உழவு, விதை, களையெடுத்த கூலி என்று சித்தப்பா கணக்குச் சொல்ல, பழக்கதோஷத்தில் நான் மனசுக்குள் கூட்டினேன். இரண்டு கோடையில் பூட்ஸுக்கும் பெட்ரோலுக்கும் கேட்டுக்கும் நான் செலவழித்ததில் பாதிகூட வரவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

பக்கத்துக் கொல்லைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "வேலியில கரண்ட்டு வுட்டா..." என்று இழுத்தார்.

"கரண்ட்டுக்கு யானை எது, எம் பேரன் எதுன்னு தெரியுமா? போய்யா" என்றார் சித்தப்பா.

2022 நவம்பரில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரை காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் சரணாலயம் எங்கே முடிகிறது, ராகி எங்கே ஆரம்பிக்கிறது என்று யானைக்கு யாரும் அறிவிக்கவில்லையே!

2023 மார்ச்சில் நம் மாவட்டத்திலேயே, மாரண்டஹள்ளி பக்கம், திருட்டுத்தனமாகப் போட்ட மின்வேலியில் சிக்கி 3 யானைகள் செத்தன. மிஞ்சிய இரண்டு குட்டிகள் அந்த உடல்களையே சுற்றிச் சுற்றி வந்தன. அன்றைக்குச் சித்தப்பாவிடமிருந்து போன். வழக்கமான நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. "அந்தக் குட்டிங்களுக்கு யாராச்சும் தண்ணி வெச்சாங்களான்னு பேப்பர்ல போட்டிருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

நெற்றி டார்ச் இப்போது அவரிடம்தான். தலைப்பாகைக்கு மேல் கட்டிக்கொள்கிறார். வேலையை விட்டு நான் ஊரோடு வந்த பிறகும் கார்த்திகை முடிந்தால் தவறாமல் ஆர்டர் வரும்.

"டேய், டவுனுக்குப் போனா அந்த லைட்டுக்கு பேட்டரி வாங்கியா. போன தடவ வாங்கினது ரெண்டு ராத்திரிகூடத் தாங்கல."