கிழக்கா, மேற்கா?

பூமி உருண்டையானது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் வருஷந்தோறும் சொல்லி வருகிறோம். உருண்டையைச் சுற்றி வருவதானால், கிழக்கே புறப்பட்டால் என்ன, மேற்கே புறப்பட்டால் என்ன? கணக்கின்படி இரண்டும் ஒன்றே. கிழக்கே போகிறவருக்கு ஒரு நாள் லாபம். ஜூல்ஸ் வெர்னின் கதாநாயகர் அந்த ஒரு நாளைக் கொண்டு பந்தயமே ஜயித்துவிட்டார். ஆனால் மோட்டார் சைக்கிளில் உலகப் பிரயாணம் கிளம்புகிறவர்களுக்குத் திசை என்பது அற்ப விஷயமன்று. பணமும் தேக சௌக்கியமும், சில சமயம் உயிருமே அதைப் பொறுத்திருக்கின்றன.

1932-இல் ராபர்ட் எடிசன் புல்டன் என்னும் அமெரிக்க வாலிபர் லண்டனில் ஒரு விருந்துக்குப் போயிருந்தார். எப்பொழுது கப்பலேறி ஊர் திரும்புவதாக உத்தேசம் என்று ஒரு பெண் கேட்டாள். கப்பலில் அல்ல, மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றிக்கொண்டு போகப் போவதாக அவர் சொல்லி வைத்தார். அதே பந்தியில் டக்ளஸ் மோட்டார் சைக்கிள் கம்பெனியைச் சேர்ந்தவர் ஒருவர் இருந்தார். வண்டி நாங்கள் தருகிறோம் என்று அவர் சொல்லவே, பேச்சிலிருந்து பின்வாங்க வழியில்லாமற் போயிற்று! அமெரிக்கருக்கு மேற்கே போனால் உடனே சொந்த ஊர் வந்துவிடும். பிரயாணம் அத்துடன் தீர்ந்தது. ஆகவே கிழக்கே திரும்பி, துருக்கி, ஸிரியா, இராக், இந்தியா, சீனா, ஜப்பான் என்று சுற்றிப் 17 மாதம் கழித்து வீடு சேர்ந்தார். இவ்வழியில் ஒரு நன்மையும் உண்டு. ஐரோப்பாவின் நல்ல சாலைகளில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கெட்ட சாலைகளுக்கு வருவதால், வண்டியின் குணாதிசயங்களைக் கற்றுக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது.

பூகோளப் படத்தைப் போலவே பஞ்சாங்கத்தையும் பார்க்கவேண்டியிருக்கிறது. இவான் மக்கிரெகர், சார்லி பூர்மன் என்ற நடிகர் இருவர் 2004 ஏப்ரல் 14-ஆம் தேதி லண்டனை விட்டுக் கிழக்கே கிளம்பினார்கள். மங்கோலியா, சைபீரியா ஆகிய பிரதேசங்களைக் கோடைக்குள் கடந்து, விமானத்தில் அலாஸ்கா சேர்ந்து, ஜூலை 29-இல் நியூயார்க் அடைந்தார்கள். அதே வழியில் அக்டோபரில் புறப்பட்டிருந்தால் சைபீரியப் பனியிலல்லவா அகப்பட்டிருப்பார்கள்! நம் தேசத்துக்கு வருகிறவர்களுக்கு வேறுவிதச் சங்கடம். ஜூனில் வந்தால் மேற்குக் கரையில் மழை. மழைக்குத் தப்பிக் குளிர்காலத்தில் வந்தால் லடாக் போகும் உயர்ந்த கணவாய்களில் பனி.

இவற்றுக்கெல்லாம் மேலாக அரசாங்கங்களும் யுத்தங்களும் இருக்கின்றன. 1973-இல் ஆன்-பிரான்ஸ் தோத்வில் என்ற பிரெஞ்சுப் பெண்மணி, ஒரு சிறிய கவாஸாகி வண்டியுடன், கனடாவில் ஆரம்பித்து, அலாஸ்கா, ஜப்பான் போய், இந்தியா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் வழியாக மேற்கு முகமாகத் தாய்நாடு திரும்பினார். அதே வருஷம் அக்டோபர் 6-இல் லண்டனிலிருந்து டெட் சைமன் ஆப்பிரிக்காவை நோக்கிப் புறப்பட்டார். அவர் வழியில் எகிப்து இருந்தது. அன்றைக்கே எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் யுத்தம் மூண்டது! எனினும் அவர் திசையை மாற்றவில்லை. நான்கு வருஷம் சுற்றினார். அப்பெண்மணி ஆப்கானிஸ்தானத்தில் வந்த சாலையோ ஆறே வருஷத்தில் பிரயாணிகளுக்கு அடைபட்டது. 1979-இல் ஈரானில் புரட்சி. அவ்வருஷ முடிவில் ஆப்கானிஸ்தானத்தில் ரஷ்யப் படை.

1982-இல் எல்ஸ்பெத் பியர்ட் என்ற ஆங்கில மாணவி மேற்கே புறப்பட்டார். அவர் படித்தது கட்டடக் கலை. புல்டன் படித்ததும் அதுவே. கட்டடத்துக்கும் இந்த ஊர்சுற்றும் ஆசைக்கும் என்ன சம்பந்தமோ, நாம் அறியோம். அமெரிக்காவையும் ஆஸ்திரேலியாவையும் முடித்துக்கொண்டு, பர்மாவின் தரைவழி மூடியிருந்தபடியால், பினாங்கில் கப்பலேறிச் சென்னையில் இறங்கினார். 1984-இல் ஊர் திரும்பப் பஞ்சாபைக் கடக்கவேண்டிய சமயத்தில், அங்கே அந்நியர் நுழையத் தடை. அவரோ அநுமதிச் சீட்டைத் தாமே தயாரித்துக்கொண்டு கடந்துவிட்டார்! உபாத்தியாயராகிய நாம் போலிப் பத்திரத்தைப் புகழ்வதற்கில்லை. ஆனால் ஒன்று. கிழக்கே புறப்பட்டிருந்தால் தடை வருவதற்கு வெகு முன்பே அவர் பஞ்சாபைத் தாண்டியிருப்பார். கூடவே ஈரானையும் பாகிஸ்தானையும் அனுபவமில்லாத புது ஆளாகக் கடந்திருப்பார். மேற்கே சென்றதால், இரண்டு வருஷம் சாலைகளில் அடிபட்டுத் தேறிய பிறகே அக்கஷ்டங்கள் எதிர்ப்பட்டன. பாகிஸ்தான், ஈரான், துருக்கி என்று வண்டியை ஓட்டிக்கொண்டே போய் லண்டன் சேர்ந்தார்.