'விடலாம்' என்று எழுதிய பாடம்

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். ஜே.இ.இ. மெயின் எழுதுகிறவர்களுக்கு ஒரு பட்டியல் கொடுப்பேன். மின்னோட்டவியல், குறைகடத்தி, நவீன இயற்பியல் எல்லாம் மேலே இருக்கும். சுழற்சி இயக்கத்துக்கு நேராக மட்டும் 'விடலாம்' என்று எழுதியிருப்பேன்.

ஏன் என்று கேட்டால், "இயற்பியலில் மொத்தமே 25 கேள்வி. இதில் ஒன்றிரண்டு வந்தால் அதிகம். தப்பாகப் போட்டால் ஒரு மார்க் போகும். அந்த நேரத்தில் இரண்டு சின்னப் பாடத்தை முடிக்கலாம்" என்பேன். அது பொய்க் காரணம். எனக்குச் சுழற்சி இயக்கம் தெரியாது.

அது பிளஸ் ஒன் பாடம். நான் படித்த காலத்தில் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை. அது 2018-இல்தான் வந்தது. எங்கள் பள்ளியில் முதல் வருடமே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பித்துவிட்டார்கள். திருப்புவிசையும் கோண உந்தமும் எனக்கு வெறும் சூத்திரங்கள். சாய்தளத்தில் கோளம் உருண்டு இறங்கினால் உராய்வு எந்தப் பக்கம் என்பதிலேயே தடுமாறுவேன். வாத்தியாரான பிறகாவது உட்கார்ந்து படித்திருக்கலாம். படிக்கவில்லை.

கட்டிங் மாஸ்டர் ஒருவரின் மகன் ஒருநாள் கேட்டான்: "சார், துணி ரோல் பெருசா இருக்கறப்ப இழுத்துட்டு விட்டா நிக்காமச் சுத்துதுங்க. தீரத் தீர சட்டுனு நின்னுருது. அது எதனாலீங்க சார்?"

அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன இடத்தில் பார்த்திருக்கிறான். எவ்வளவு நல்ல கேள்வி! ரோலின் ஆரம் பாதியானால், சுழற்சி மாறுவதை எதிர்க்கும் நிலைமத் திருப்புத்திறன் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகிவிடும். இன்றைக்கு இதைச் சொல்லத் தெரிகிறது. அன்றைக்கு, "இதெல்லாம் பரிட்சையில வராதுப்பா, பட்டியலைப் பாரு" என்றேன். அதன் பிறகு அவன் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

நான் விடச் சொன்னது ஒரு பாடத்தோடு நிற்கவும் இல்லை. காந்தப்புலத்தில் கம்பிச்சுருள் திரும்புவது திருப்புவிசையால்தான். நீல்ஸ் போரின் அணு மாதிரி கோண உந்தத்தின் மேல்தான் நிற்கிறது. பட்டியலில் மேலே நான் வைத்திருந்த நவீன இயற்பியலையே அவன் பாதி மனப்பாடமாகத்தான் படித்திருப்பான்.

அவனுக்குப் பர்சன்டைல் போதவில்லை. ரிசல்ட் வந்த வாரம் அப்பாவும் மகனும் வந்தார்கள். பாக்கி ஃபீஸ். சனிக்கிழமைச் சம்பளத்திலிருந்து எடுத்து வந்திருந்தார். "நீங்க நல்லாத்தானுங்க சொல்லிக் குடுத்தீங்க. இவந்தான் ஒழுங்காப் படிக்கலீங்க" என்றார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டேன்.