ஆச்சு சார்!

'பேக்கப் எடுத்தாச்சாப்பா?'

தினம் சாயங்காலம் எங்கள் ஆடிட்டர் தவறாமல் கேட்கும் கேள்வி இது. 'ஆச்சு சார்!' என்பேன். பி.காம். முடித்துவிட்டு அவரிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம். கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க்கைச் செருகிப் பட்டனைத் தட்டுவேன். திரையில் ஏதோ கட்டம் வரும். ஓ.கே. அழுத்துவேன். டிஸ்க்கை சாரின் கைப்பையில் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓட்டம்!

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்ததே, ஞாபகமிருக்கிறதா? சைதாப்பேட்டையில் தரைத்தளத்தில் இருந்த எங்கள் ஆபீஸ் சர்வர் முங்கிக் குளித்தது. 'கவலையை விடுப்பா, டிஸ்க் என் வீட்டு மாடியில பத்திரமா இருக்கு' என்றார் சார்.

பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால், உள்ளே கணக்கு ஜூலை மாதத்தோடு நின்றிருந்தது! டிஸ்க் அப்போதே நிரம்பிவிட்டது. நாலு மாதமாக நான் ஓ.கே. சொன்னது, 'இடமில்லை' என்ற அறிவிப்புக்கு.

சார் திட்டவில்லை. 'ஒருநாளாவது திறந்து பார்த்தியாப்பா?' என்று மட்டும் கேட்டார். திட்டியே இருக்கலாம்!

கடை கடையாக ஏறி பில், பாங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் வாங்கி, மறுபடி கணக்கேற்றி முடிப்பதற்குள் பொங்கல் தாண்டிவிட்டது. ஒரு மளிகைக்கடை அண்ணாச்சியின் பில் கட்டுகளும் வெள்ளத்தோடு போயிருந்தன. 'எனக்கு யார் யார் பாக்கி தரணும் தம்பி?' என்றார். என்னிடம் பதிலில்லை. இன்றைக்கும் இல்லை.

பெரிய இடத்திலும் இதே கூத்துதான். 1998-ல் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தபோது, பிக்ஸாரில் ஒரு தப்பான கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்துபோனது. பேக்கப்பைத் தேடினால், அது ஒழுங்காக வேலை செய்யவில்லை! கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மனின் கம்ப்யூட்டரில் இருந்த பிரதிதான் மானத்தைக் காப்பாற்றியது.

கம்ப்யூட்டர்காரர்கள் '3-2-1' என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு இடத்தில். பி.காம்.காரன் நான் இன்னொன்று சேர்ப்பேன்: மாதம் ஒருமுறை அதிலிருந்து ஃபைலை எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். டிரையல் பாலன்ஸ் போடாத கணக்கை எவராவது நம்புவார்களா?

இப்போதெல்லாம், 'கேஸை மூடியாச்சா?' என்று மனைவி கேட்டால்கூட, 'ஆச்சு' என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்வதில்லை.

எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்கிறேன்!