சுங்கானுக்கு வந்த லேத்

மரத்திலயும் சோளன் தண்டிலயும் வேலை செய்யிறதுக்கு இரும்பு கடையிற மெசின் என்னத்துக்கு? கொக்கட்டிச்சோலையில் எங்களிடம் இதைக் கேட்காத ஆள் குறைவு. கேட்டவர்களில் பாதிப்பேர், "சுங்கான் எண்டா என்ன மனெ?" என்றும் சேர்த்தே கேட்டார்கள். புகையிலையை அடைத்துக் குடிக்கிற பைப்தான். எங்கட பக்கம் சுருட்டு இருக்கிறது, பீடி இருக்கிறது, வெத்திலையோடு வாயில் அடக்குகிற புகையிலை வீட்டுக்கு வீடு இருக்கிறது. சுங்கானைப் படத்தில் பார்த்ததோடு சரி.

நாங்கள் மூன்று பேர். இரண்டு பேரின் பாஸ்போட் கட்டார் போவதற்கு ஆயத்தமாக இருந்தது. அந்த நேரத்தில்தான் பிரான்சில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவர், சோளன் தண்டில் செய்த சுங்கானைப் படம் பிடித்து அனுப்பி, "இதை உங்களால செய்ய ஏலுமா?" என்று கேட்டார்.

தேடிப் பார்த்தால் இது பழைய தொழில். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வாஷிங்டன் என்று ஒரு சின்ன ஊர். நெதர்லாந்திலிருந்து குடியேறிய ஹென்றி டிப்பி என்ற மரக்கடைசல்காரர் அங்கே இருந்தார். ஒரு கமக்காரர் சோளன் தண்டைக் குடைந்து தானே ஒரு சுங்கான் செய்து, அது பிடித்துப்போக, இன்னும் சிலதைக் கடைந்து தரச் சொல்லி டிப்பியிடம் வந்தாராம். 1869இல் தொடங்கிய அந்த வேலை இன்றும் 'மிசூரி மீர்ஷாம்' என்ற பெயரில் கம்பனியாக நடக்கிறது. தண்டின் வெளிப்பக்கச் சொரசொரப்பைச் சாந்து பூசி நிரப்புகிற முறைக்கு 1878இல் காப்புரிமையும் எடுத்திருக்கிறார்கள்.

படுவான்கரையில் சோளனுக்குப் பஞ்சமில்லை. யானை விட்டுவைத்தது போக, முத்து உதிர்த்த தண்டுகள் குவியலாகக் கிடக்கும். அடுப்புக்குப் போகிற சாமான் ஐரோப்பாவுக்குப் போகும் என்றால் யாருக்குத்தான் நித்திரை வரும்?

இப்ப முதல் கேள்விக்கு வருவம். மரம் கடையிற மெசினில் உளியைக் கையில் பிடித்துத்தான் வேலை. வடிவம் எடுக்க அது போதும். ஆனால் சுங்கானின் உயிர் அதன் துளைகளில் இருக்கிறது. புகையிலை போடுகிற கிண்ணம் கிட்டத்தட்ட 20 மில்லிமீற்றர் அகலம். புகை வருகிற துளை 4 மில்லிமீற்றர்தான். அந்தச் சின்னத்துளை கிண்ணத்தின் அடியில் சரியாகப் போய்த் திறக்கவேணும். கொஞ்சம் மேலே திறந்தால் அடிப்புகையிலை எரியாமல் ஈரமாகத் தங்கும். மறுகா வாயில் வைக்கிற தண்டு. அதை எபனைட்டில் கடைவார்கள், கந்தகம் சேர்த்து இறுக்கிய றப்பர். இந்தியாவில் ராஜமுந்திரி ரத்னம் பேனாக்களும் எபனைட்டில் கடைந்தவைதான். எபனைட் தண்டின் முனை துளைக்குள் கொஞ்சம் தளர்ந்தால் கழண்டு விழும், கொஞ்சம் இறுகினால் மரம் வெடிக்கும். இரும்பு லேத்தில் உளியை மெசினே பிடித்துக்கொள்ளும். கைப்பிடியைக் கிறுக்கினால் எவ்வளவு நகர்ந்தது என்று வட்டத்தில் கோடு காட்டும். கைப்பழக்கம் வர பத்து வருசம் காத்திருக்க எங்களுக்கு வழியில்லை. அதனால்தான் இரும்பு லேத்.

புது மெசின் கனவிலும் இல்லை. 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360க்குத் தாவினபிறகு, இறக்குமதிச் சாமானின் விலையைக் கேட்பதே பாவம் என்றாகிவிட்டது. ஆகவே பழசு. முதலில் பார்த்தது பச்சைப் பெயின்ற் அடித்துப் பளபளவென்று நின்றது. விற்றவர் "வேலையே செய்யாத மெசின்" என்றார். எங்களோடு வந்த பழைய மெக்கானிக் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. உளி நகருகிற வண்டியைச் சக்குக்குக் கிட்ட கொண்டுவந்து, ஆட்டமில்லாத அளவுக்கு இறுக்கினார். பிறகு மற்ற அந்தத்துக்குத் தள்ளினார். பாதியிலேயே பிடித்துக்கொண்டது.

பழைய லேத் வாங்கப்போகிற ஆளாக நீங்கள் இருந்தால் இந்த ஒரு பரீட்சை போதும். வேலை எல்லாம் சக்குக்குப் பக்கத்தில்தான் நடக்கும் என்பதால் தண்டவாளம் அந்த இடத்தில்தான் தேயும். தேய்ந்த இடத்தில் இறுக்கினால் தேயாத இடத்தில் ஓடாது. பெயின்ற் இதை மறைக்காது. அதோடு, சக்கில் ஒரு நீளக்கம்பியைப் பிடித்து மேலும் கீழுமாக நெம்பிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் திரும்பி வாருங்கள்.

இரண்டாவது மெசின், மூடிக்கிடந்த ஒரு பட்டறையில் தூசிக்குள் இருந்தது. இங்கிலாந்தில் செய்தது, அளவெல்லாம் அங்குலத்தில். அண்ணன் அரை மணித்தியாலம் தடவித்தடவிப் பார்த்துவிட்டு, "இத விடாதீங்க" என்றார். நாலு இலட்சத்து இருபதாயிரம். சீட்டுக்காசு ஒரு பங்கு, கட்டாருக்கென்று சேர்த்தது ஒரு பங்கு, எங்களில் ஒருவனின் தங்கச்சி கழட்டித் தந்த மாலையை அடகு வைத்தது ஒரு பங்கு. அவளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

லேத் லொறியில் ஏறி மண்முனைப் பாலத்தால் வந்தது. ஜப்பான் உதவியோடு கட்டி 2014இல் திறந்த பாலம். அதற்கு முன்னம் வாவியைக் கடக்கப் பாதைதான், மிதக்கிற தட்டு. யுத்தகாலத்தில் படுவான்கரைக்குள் பற்றரியும் சீமெந்தும் கொண்டுவரப் பட்ட பாட்டைச் சொல்லிச்சொல்லித்தான் வீட்டில் எங்களை வளர்த்தார்கள். அந்த நாளில் ஒரு லேத்தைக் கொண்டுவந்து, "சுங்கான் செய்யப்போறம்" என்று சோதனைச்சாவடியில் சொல்லியிருந்தால்? லொறிக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தபோது இதை நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தோம். சிரிப்பான விசயமில்லைதான்.

வந்த பிறகுதான் கரண்ட் பிரச்சினை. மோட்டர் மூன்று பேஸ், எங்கட கொட்டிலில் இருப்பது ஒரு பேஸ். புது இணைப்புக்கு ஆகும் காசைக் கேட்டுவிட்டு, மோட்டரையே ஒரு பேஸுக்கு மாற்றினோம். அடுத்தது தூசி. சோளன் தூளும் மரத்தூளும் தண்டவாளத்து எண்ணெயைக் குடித்துச் சேறாகும். ஒவ்வொரு நாளும் துடைத்துத் திரும்ப எண்ணெய் போடவேணும். தண்டுகளோ இன்னும் பெரிய தலையிடி. மிசூரியில் தடித்த தண்டு வருகிற சோளன் இனத்தையே வளர்த்து எடுத்திருக்கிறார்கள், மாசக்கணக்கில் காயவும் வைக்கிறார்கள். எங்கட தண்டு மெலிசு. பத்தில் ஒன்றுதான் கிண்ணம் குடைகிற அளவுக்குத் தேறுகிறது.

வந்த முதல் கிழமையே பக்கத்துக்காணி மாமா தன்ர லேன்ட்மாஸ்டரின் தேய்ந்துபோன புஷ் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். "இதக் கடைஞ்சி தருவீங்களா? இல்லாட்டி அங்கால டவுணுக்குப் போகோணும், ஒரு நாள் வேலை கெட்டுப்போகும்." கடைந்து கொடுத்தோம். அடுத்த நாள் தண்ணிப் பம்பின் தண்டு வந்தது. மறுகா நெல் மில்லில் இருந்து ஆள் வந்தது.

இதற்கிடையில் எங்கட பெரியம்மா ஒருவர் கொட்டிலுக்கு வந்து, செய்து வைத்திருந்த சுங்கானைக் கையில் எடுத்துப் பார்த்தார். பெத்தாவுக்கு வாயில் புற்று வந்தபோது கடைசிவரை பார்த்தவர் அவர். "வடிவாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "எங்கட புள்ளையள் குடிக்கக் கூடாது எண்டு சொல்றீங்க. அங்க இருக்கிறவன் பெத்த புள்ள இல்லையா?" என்று கேட்டார். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, ஊருக்குள் ஒன்றும் விற்கமாட்டம் என்றெல்லாம் சொன்னோம். அவர் கேட்டது அது இல்லை என்று எங்களுக்கும் தெரியும். புகையிலையால் உலகத்தில் வருசத்துக்கு 70 இலட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள். சுங்கான் சிகரட்டை விடப் பரவாயில்லை என்று சொல்கிறவர்கள் வாய்ப்புற்றைப் பார்த்ததில்லை.

எங்களுக்குள் இன்னும் பேச்சு முடியவில்லை. ஒருவன், ஒப்புக்கொண்ட மாதிரிகளை அனுப்பிவிட்டு நிறுத்துவம் என்கிறான். இன்னொருவன், மாலையை மீட்கும்வரைக்குமாவது செய்வம் என்கிறான். மூன்றாவது ஆள் பேசாமல் மில்லின் தண்டைச் சக்கில் பூட்டுகிறான். ஆறு மாசத்தில் முடித்த சுங்கான் பதினெட்டு. வண்டி வேலையும் பம்பு வேலையும் எத்தனை என்று நாங்க எண்ணல்ல. மாலைக்கு வட்டி கட்டுவது அந்தக் காசில்தான்.