அந்தமானுக்கு சென்னையிலிருந்து ஒரு கேபிள்!

அந்தமான் கிளம்புகிறவர்களிடம் முன்பெல்லாம், 'கையில் ரொக்கம் வெச்சுக்குங்க' என்பார்கள். இணையம் செயற்கைக்கோளை நம்பி இருந்த காலம். கார்டைத் தேய்த்துவிட்டு, கடைக்காரரும் நாமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நிற்க வேண்டும்.

2020 ஆகஸ்ட் 10-ல், நம் சென்னையிலிருந்து வங்கக்கடலுக்கு அடியில் போன சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் பயன்பாட்டுக்கு வந்தது. போர்ட் பிளேரோடு (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) ஹேவ்லாக், கார் நிகோபார் போன்ற தீவுகளுக்கும் இணைப்பு உண்டு.

ஹேவ்லாக்கில் ஸ்கூபா சொல்லித்தருபவருக்கும் சிறு விடுதிக்காரருக்கும் ஆன்லைன் முன்பதிவுதானே பிழைப்பு? பதில் தாமதமானால் வாடிக்கையாளர் அடுத்த விடுதிக்குப் போய்விடுவார். ஆனால், கேபிள் கரை வரைதான். அங்கிருந்து கடை வரை டவரும் மின்சாரமும் ஒத்துழைக்க வேண்டும். படகு டிக்கெட்டை மட்டும் முந்தின நாளே டவுன்லோடு செய்துவிடுங்கள்.